நனைக்காமல் தொடாதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் புது வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டியபோது நான் அதிகம் பேசவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயா, ஸ்டியரிங்கில் குங்குமம் வைத்தாயா என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வண்டியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு. "என்னப்பா, கலர் பிடிக்கலையா?" என்று கேட்டாய். பிடிக்காமல் இல்லை. பிறகு நீயே, ஐரோலியில் உங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிக்குள் பைப் போட்டு வண்டி கழுவக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்றாய். ஆபீஸ் நண்பர் சொன்னாரென்று ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறாய், ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கொஞ்சம் ஊற்றித் துடைத்தால் போதுமாம், அலசவே வேண்டாமாம். "முப்பது வருஷம் டிரைவரா இருந்த ஆளு நீங்க. சொல்லுங்கப்பா, அலசாம எப்படி அழுக்கு போகும்? கோடு விழாதா?" என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்றேன். "வாய்ஸ் மெசேஜ் போடுங்கப்பா. தமிழ்ல எழுதுனா நான் எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்க ஒரு வாரம் ஆயிரும்" என்று சிரித்தாய்.

ஆகட்டும். மெதுவாகவே படி. வாயால் சொல்ல ஆரம்பித்தால் வண்டி கழுவுகிற கதையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவேன். பதினாறு வருடமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் நிறுத்த முடியாது என்றுதான் இந்த நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. கூடவே நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது.

மாட்டுங்கா டாக்டரம்மாவின் கறுப்பு வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தடவை உன்னை முன் சீட்டில் உட்கார வைத்துக் கிங் சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். டாக்டரம்மாவே பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு ரவுண்ட் போப்பா, குழந்தை ஆசைப்படறான்" என்றார். அந்த வண்டியை நான் ஓட்டியது பதினான்கு வருடம். தினமும் காலையில் தாராவியிலிருந்து நடந்தே போவேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். உன் அம்மா முந்தைய நாள் மாலையே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பாள். டாக்டரம்மா கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிற நேரமெல்லாம் நான் வெளியே வண்டியோடு நிற்பேன். சும்மா நின்றால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு எண்ணம். தோளில் கிடக்கிற மஞ்சள் துணியை எடுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். பம்பாய் டிரைவர்கள் இதைக் கப்டா மாருவது என்பார்கள். தெருத் தூசி படியப் படியக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்து மினுமினுக்க வைப்பது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை துடைப்பேன். கண்ணாடி மாதிரி மின்னும். வேறு டிரைவர்கள் வந்து அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

அதே கட்டடத்தில்தான் சாகுல் பாய் வண்டி கழுவினார். உனக்குச் சாகுல் மாமா. மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வண்டிகள் அவர் பொறுப்பு. விடிந்தும் விடியாமலும் வந்து, நான் எட்டு மணிக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் முடித்திருப்பார். இரண்டு வாளி, பழைய பனியன் துணிகள், ஒரு மக். அவர் கழுவுவதைச் சில நாள் சீக்கிரம் போய்ப் பார்த்திருக்கிறேன். வண்டியைக் கையால் தொடவே மாட்டார். முதலில் மேலிருந்து தண்ணீரை ஊற்றுவார். ஊற்றிவிட்டு அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். அதற்கும் ஊற்றிவிட்டுத் திரும்பி வருவார். மண்ணும் தூசியும் ஊறி இளகிய பிறகுதான் துணி அதன்மேல் படும். நான் காய்ந்த துணியை எடுத்தால் முகம் சுளிப்பார்.

"மாப்ள, அது தூசியில்ல, மண்ணு. மண்ண வச்சுத் தேய்க்கே நீ."

"மின்னுதுல்லா பாய்?"

"இன்னைக்கு மின்னும். ஒரு நாள் வெயில்ல நிறுத்திப் பாரு."

நான் பார்க்கவில்லை. வண்டி எப்போதும் கட்டடத்து நிழலிலும் மரத்தடியிலும்தான் நிற்கும்.

சாகுல் நமக்கு யார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுங்காவில் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க ஃபாரம் கொடுத்த அன்று, டாக்டரம்மாவை நான் ஐரோலிப் பக்கம் ஒரு மீட்டிங்குக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. உன் அம்மாவுக்குக் காய்ச்சல். ஃபாரம் அந்த ஒரு நாள் மட்டும்தான். சாகுல் பன்னிரண்டு வண்டியையும் அவசர அவசரமாக முடித்துவிட்டு, கால்சட்டையெல்லாம் ஈரத்தோடு போய் வரிசையில் நின்றார். மத்தியானம்வரை நின்றார். ஃபாரத்தை வாங்கிப் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கிளார்க் "நீ யார், அப்பாவா?" என்று கேட்டதற்கு "மாமா" என்று சொன்னாராம். "என் பேரக் கேட்டுட்டு அவன் என்னைய ஒரு மாதிரி பாத்தான் மாப்ள. நான் அசையல" என்று சொல்லிச் சிரித்தார். நீ இன்று உட்கார்ந்திருக்கிற ஆபீஸ் நாற்காலிக்கு அந்த வரிசையிலிருந்துதான் வழி தொடங்கியது. நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்கோடு நம் வீட்டுக்கு வருவார். நீ இஞ்சியை மட்டும் எடுத்துத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைப்பாய். "ஏலே, இஞ்சியத் தின்னாத்தான்ல கணக்கு வரும்" என்று அதையும் உன்னைத் தின்ன வைத்துவிடுவார்.

உனக்கு ஒன்பது வயது நடக்கும்போது டாக்டரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கறுப்பு வண்டிதான். பூ கட்டுகிறவர் மண்டப வாசலில், நல்ல பதினோரு மணி வெயிலில், வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் சாமந்திச் சரத்தை வைத்துப் பார்க்கிறார், போட்டோக்காரர் குனிந்து பார்க்கிறார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். போனட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. எவர்சில்வர் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்தால் வருமே, அது மாதிரி. கதவு, கூரை, டிக்கி எல்லாவற்றிலும் இருந்தது. என் கை எப்படிச் சுழன்றதோ அப்படியே வண்டியில் பதிந்திருந்தது. டாக்டரம்மா பட்டுப்புடவையோடு இறங்கி வந்தார். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நின்றார்கள்.

"என்னப்பா இது, வண்டி பூரா வட்டம் வட்டமா இருக்கே? யாரு இப்படிப் பண்ணினா?"

நான் சொன்னது ஒரே வாக்கியம். "சாகுல்தாம்மா வண்டி கழுவுறாரு."

பொய் என்று சொல்ல முடியாது. சாகுல்தான் கழுவினார். "என்ன துணி போட்டுத் தேய்க்கறான்?" என்று கேட்டார். "காலையில நான் இருக்க மாட்டேம்மா, தெரியல" என்றேன். அது பொய். என் தோளில் அந்த மஞ்சள் துணி அப்போதும் கிடந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் டாக்டரம்மா சொசைட்டி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொன்னார். செக்ரட்டரி மற்ற வண்டிக்காரர்களையும் கீழே கூப்பிட்டு வெயிலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பன்னிரண்டில் ஒன்பது வண்டிகளுக்கு டிரைவர் உண்டு, எல்லாரும் என்னைப் போலத் துடைக்கிறவர்கள்தான். அந்த ஒன்பதிலும் கோடு இருந்தது. அவர்களும் சாகுலைத்தான் கைகாட்டினார்கள், ஏனென்றால் நான் ஏற்கனவே வழி காட்டியிருந்தேன். அடுத்த நாள் காலையில் வாட்ச்மேன் சாகுலை உள்ளே விடவில்லை. நான் எட்டு மணிக்குப் போகும்போது அவர் இரண்டு வாளியோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றார்.

"மாப்ள, நீ ஒரு வார்த்த சொல்லு அவங்ககிட்ட."

"நான் என்னத்தச் சொல்ல பாய்?"

என்னையே பார்த்தார். என் தோளைப் பார்த்தார். அவ்வளவுதான். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போய்விட்டார். உள்ளே வந்து கத்தியிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னால் நம்பியிருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

அந்த வருட நோன்புக்கு அவர் வரவில்லை. சாகுல் மாமா ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். வேலை மாறி எங்கேயோ போய்விட்டார் என்றேன். உன் அம்மாவுக்கும் அதே பதில்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், வேறொரு ஆள்தான் அப்போது வண்டி கழுவிக்கொண்டிருந்தான், டாக்டரம்மா வண்டியில் ஏறப் போனவர் கதவருகில் நின்றுவிட்டார். "அவன் போயும் கோடு போகலியே" என்றார். புதிதாக ஒரு பெயிண்ட் பாலிஷ் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தது தெரிந்தது. அன்று வாயைத் திறந்திருக்கலாம். அன்றுமுதல் நான் துணியைத் தோளில் போடுவதை மட்டும் நிறுத்தினேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

இந்த வருட மழைக்காலத்தில் கண்ணைக் காட்டக் காட்கோபர் போனேன் அல்லவா? கண்ணில் மருந்து ஊற்றி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம், அதன் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் ஒதுங்கினேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் ஒரு வெள்ளை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எதையோ தெளித்துவிட்டு, அந்த இடத்தை விட்டு நகர்ந்து போய், காத்திருந்து, திரும்பி வந்து துடைத்தார். அதைப் பார்த்ததும் கிட்டே போனேன்.

"பாய்" என்றேன்.

துடைத்த கை நின்றது. பிறகு, "கண்ணுக்கு என்ன மாப்ள?" என்றார். குரல் மட்டும் மாறவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பாய், அன்னைக்குக் கோடு விழுந்தது என் துணியாலதான்."

"தெரியும்."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்." துணியை மடித்துக்கொண்டே பேசினார். "சொல்லியிருந்தா ஒன் வேல போயிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஒனக்கு ஒரு புள்ள இருந்தான், அவன நெனச்ச. எனக்கு ரெண்டு இருந்துச்சு மாப்ள. அதுகள நீ நெனைக்கல. எனக்கு மனக்கொற அது ஒண்ணுதான்."

பன்னிரண்டு வண்டியும் ஒரே நாளில் போனதும் பம்பாயில் வாடகை கொடுத்து நிற்க முடியாமல் வீட்டாரை மேலப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு, நாலு வருடம் தனியாக இருந்திருக்கிறார். பெரியவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாளாம். இங்கே ஹிந்தியில் படித்த பிள்ளைக்கு அங்கே பாடம் ஏறவில்லை. இதைச் சொல்லும்போது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மழை விட்டதும், "கண்ணு தெளிஞ்ச பெறவு வா, புதன்கிழம" என்றார்.

புதன்கிழமை போனேன். நீ கேட்ட கேள்விக்குப் பதிலை அங்கேதான் கற்றேன், அதனால் இந்த இடத்தைக் கவனமாகப் படி. உன்னிடம் இருக்கிற மாதிரியே ஒரு பாட்டில் அவரிடமும் இருந்தது. வாளியில் தண்ணீர் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பாட்டிலில் போட்டிருக்கும். அந்த அளவுதான் அளவு. கூட ஊற்றினால் கூடச் சுத்தமாகாது, திட்டுத் திட்டாகப் படியும். நுரையும் வராது, வரவில்லையே என்று கவலைப்படாதே. அது மண்ணைச் சுற்றிக்கொண்டு வழுவழுப்பாக்கிப் பெயிண்டிலிருந்து தூக்கிவிடுகிறது, அதனால்தான் அலசத் தேவையில்லை. அதே கலவையைத் தெளிக்கிற பாட்டிலிலும் ஊற்றி வைத்துக்கொள். வண்டி நிழலில் இருக்க வேண்டும், தகடு சூடாக இருக்கக் கூடாது. முதலில் ஒரு பகுதியில் நன்றாகத் தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடு, ஆனால் காயவிடாதே. வாளியில் எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணி முன்பே ஊறிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து நாலாக மடித்து, அதையும் ஒரு மடிப்பு மடித்துக்கொள். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வா. ஒரே பக்கமாக, நேராக ஒரு இழுப்பு. அழுத்தாதே. உடனே துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள். எல்லாப் பக்கமும் முடிந்த துணியைத் தனியாகப் போட்டுவிடு, திரும்ப வாளிக்குள் விடாதே. விட்டால் அந்த வாளித் தண்ணீரே மண்ணாகிவிடும். பின்னாலேயே வேறொரு காய்ந்த, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்துவிடு. கீழ்ப் பம்பரும் சக்கரமும் கடைசியில், அவற்றுக்கென்று வைத்த துணியில்.

இதையெல்லாம் அவர் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. "இந்தப் பக்கத்த நீ பாரு" என்று ஒரு துணியைக் கையில் கொடுத்தார். முப்பது வருடப் பழக்கம், என் கை வட்டம் போட்டது. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இன்னொரு தடவை துணி கீழே விழுந்து, உதறிவிட்டு எடுத்தேன். வாங்கி ஓரத்தில் எறிந்துவிட்டு வேறு துணி கொடுத்தார். ஒரு வண்டி டிராம்பே பக்கம் வேலைக்குப் போய்ச் சேறு அப்பி வந்திருந்தது. அதன் பக்கத்திலேயே என்னை விடவில்லை. "கட்டியா ஒட்டுன சேத்துக்கு இது ஆகாது. மொதல்ல வாட்டர் சர்வீஸ்ல கொண்டு போயி பீய்ச்சி அடிச்சிட்டு வரச் சொல்லு. சேத்தோட தொட்டா, நீ அன்னைக்குத் தொட்ட மாதிரிதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு எல்லாப் புதனும் போகிறேன். நீ போன் செய்யும்போது பார்க்குக்குப் போயிருக்கிறேன் என்று உன் அம்மா சொல்வது அதைத்தான்.

மாட்டுங்காவுக்கும் போனேன். டாக்டரம்மா இப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார், வண்டியை எப்போதோ விற்றாகிவிட்டது. சொல்ல வந்ததை நின்றுகொண்டே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா, அப்பவே. ஆனா ஒன்னைக் கேட்டா, அவனை அநியாயமாத் துரத்தினது நான்னு ஆயிடுமேன்னு கேக்கலை" என்றார். பிறகு சாகுலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். "சாகுல், நான் விசாரிக்காம பண்ணிட்டேன்ப்பா. தப்பு என்னோடது" என்றார். "மூட்டுவலிக்கு அன்னைக்கு நீங்க குடுத்த மருந்து என் வீட்டம்மா இப்பவும் கேப்பா டாக்டரம்மா. சீட்டு தொலஞ்சிபோச்சு" என்றார் சாகுல். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தடவித் தடவி ஒரு பேப்பரை எடுத்து மருந்துப் பெயரை எழுத ஆரம்பித்தார். அந்தக் கட்டடத்துக்கு ஒரு நாள் வந்து போகச் சொல்லியும் கேட்டார். அதற்கு மட்டும் சாகுல் சம்மதிக்கவில்லை.

உன் அம்மாவிடம் போன வாரம் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள், "பெரியவளுக்கு எத்தன புள்ளைங்களாம்?" என்று கேட்டாள்.

தம்பி, நான் திருடியதில்லை, குடித்ததில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. என் அப்பா நேர்மையானவர் என்று நீ உன் கல்யாண மேடையில் மைக் பிடித்துச் சொன்னாய். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. உன் ஆபீஸிலும் ஒரு நாள் யாராவது உன்னிடம் வந்து, யார் இப்படிச் செய்தது என்று கேட்பார்கள். உண்மை மாதிரியே இருக்கிற ஒரு வாக்கியம் உன் வாயில் தயாராக இருக்கும். அதைச் சொல்வதற்கு முன்னால், அது யார் தலையில் போய் விழும் என்று ஒரு நிமிடம் யோசி. நான் யோசிக்கவில்லை.

இந்தப் புதன் சாகுலிடம் நீ கறுப்பு வண்டி வாங்கியிருக்கிறாய் என்று சொன்னேன். வண்டியை அவரே வந்து ஒரு தடவை துடைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். துணிகளையெல்லாம் பிழிந்து கொடியில் போட்டு முடித்தார். பிறகு சொன்னார், "புள்ளையப் பாக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா நீ எல்லாத்தையும் அவன்கிட்ட சொல்லு மொதல்ல. ஒண்ணும் தெரியாம அவன் என்னைய மாமான்னு கூப்புட்டா எனக்குத் தாங்காது."

சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு வெயில் ஏறுவதற்கு முன்னால் ஐரோலிக்கு வந்துவிடலாம், அவரை நான் காட்கோபரில் போய்க் கூட்டிக்கொள்வேன். படித்து முடித்ததும் எனக்குக் கூப்பிடு. அவரை மட்டும் வரச் சொல்லுங்கள், நீங்கள் வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் தயங்காமல் சொல். பஸ் நம்பரை அவருக்கு எழுதிக் கொடுத்து ஏற்றிவிடுகிறேன்.

போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிற
உன் அப்பா